போர்முனைக்குப் போனவர்களின் தூக்கக் கணக்கை நம்பலாமா?

கணக்கன்: "ஈராக், ஆப்கானிஸ்தான் போன அமெரிக்கச் சிப்பாய்களின் தூக்கத்தைப் போர்தான் குறைத்தது" என்று நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஆதாரம், அமெரிக்கப் படையினரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்க்கும் மில்லேனியம் கோஹார்ட் ஆய்விலிருந்து 2010-இல் வந்த கட்டுரையாம். அதில் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதைச் சிப்பாய்களே படிவத்தில் எழுதினார்கள். யாரும் அளக்கவில்லை.

வடமலை: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 41,000 பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். களத்தில் இருந்தவர்களும் திரும்பி வந்தவர்களும், போகாதவர்களைவிடக் குறைவாகத் தூங்கியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பொய்யா எழுதினார்கள்?

கணக்கன்: பொய் என்று நான் எங்கே சொன்னேன்? தூக்கம் வராமல் தவிப்பவர் தூங்கிய நேரத்தைக் குறைத்துத்தான் சொல்வார். மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்களா, இல்லையா?

ரேவதி: அதே ஆய்வில், சண்டையை நேரில் கண்டவர்களுக்கும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் தூக்கச் சிக்கல் அதிகம் என்று இருக்கிறது. போரா, மனமா என்று பிரித்துப் பேசுவதே தவறு. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். பி.டி.எஸ்.டி. என்ற, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் கெட்ட கனவுகளுக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மருந்துகூட 2018-இல் வந்த பெரிய சோதனையில் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

கணக்கன்: மாத்திரையை யார் கேட்டார்கள் மேடம்? அளந்தார்களா?

பழைய ஹவில்தார்: சியாச்சினில் ஒரு குளிர்காலம் இருந்து பாருங்கள் தம்பி. அந்த உயரத்தில் தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வரும், திடுக்கிட்டு எழுவோம். மனநோய் எதுவும் வேண்டாம்.

கணக்கன்: அது ஆக்சிஜன் குறைவு, போர் இல்லை. பென்ஷன் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

பழைய ஹவில்தார்: பென்ஷனில் நான் சொன்னதுதான் சரி. நீங்கள் பதிலே போடவில்லை.

வடமலை: 2017-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் மெக்கெய்ன் என்ற 2 அமெரிக்கப் போர்க்கப்பல்களும் தனித்தனி விபத்துகளில் வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் செத்தார்கள். தூக்கமில்லாத களைப்பும் ஒரு காரணம் என்று கடற்படையே சொன்னது. அதுவும் படிவத்தில் எழுதியதா சார்?

கணக்கன்: கப்பலுக்கு ஓடிவிட்டீர்கள். நான் கேட்டது ஈராக். மறுபடி கேட்கிறேன், அளந்தார்களா?

ரேவதி: மற்றவர் எழுதியதைப் படிக்காமல் அதையே எத்தனை தடவை கேட்பீர்கள்?

கணக்கன்: பதில் வரும் வரைக்கும்.

பழைய ஹவில்தார்: பென்ஷன் இழையைத் திறந்திருக்கிறேன். முதலில் அங்கே வந்து பதில் சொல்லுங்கள்.