ஹாலேயகலா: விடியுமுன் ஏறுவதா, விடிந்த பிறகா?

சங்கு_அலை
டிசம்பர் கடைசி வாரம் நியூஜெர்சியிலிருந்து ஹவாயின் மாவி தீவுக்குப் போகிறோம். 4 பேர், பிள்ளைகளுக்கு வயது 6, 9. தங்குவது வைலேயாவில். ஹாலேயகலா எரிமலை உச்சியில் சூரிய உதயம் பார்க்கச் சொல்கிறார்கள், கூட்டம் தாங்காது என்றும் சொல்கிறார்கள். எந்த நேரம் போனால் நெரிசல் குறைவு?

வைகறை_வாசன்
உதயத்துக்கே போங்க. அந்த மலையில் கூட்டத்துக்கு உச்சவரம்பு இருக்கும் நேரம் அது ஒன்றுதான். முன்பு உச்சியில் 150 வண்டி நிற்கும் இடத்துக்கு 300க்கு மேல் வந்து, ஓரத்துச் செடிகள் மேலேயே ஏற்றி நிறுத்தினார்கள். அதனால் 2017 பிப்ரவரியில் முன்பதிவு முறை வந்தது. அதிகாலை 3 முதல் காலை 7 வரை பதிவில்லாத வண்டியை உள்ளே விடுவதில்லை.

பதிவு ரிக்ரியேஷன்.கவ் தளத்தில். 60 நாளுக்கு முன், ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹவாயில் கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லை. டிசம்பர் கடைசிக்கு நீங்கள் பதிவு செய்ய வேண்டியது அக்டோபர் கடைசியில். அப்போது உங்கள் ஊரில் கோடைக்கால நேரம் ஓடும், வித்தியாசம் 6 மணி நேரம். அதாவது மதியம் 1 மணி. கிடைக்காவிட்டால் 2 நாளுக்கு முன் இன்னொரு தொகுதி, அதே காலை 7க்கு. வண்டிக்கு 1 டாலர், திரும்ப வராது. பூங்காவின் நுழைவுச் சாவடியில் வண்டிக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர் தனி, 3 நாள் செல்லும். யார் பெயரில் பதிவோ அவர் அடையாள அட்டையுடன் வண்டியில் இருக்க வேண்டும்.

தீவில் இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வித்தியாசம் 5 மணி நேரமாகிவிடும், அங்கே விடியற்காலை 2:30 என்பது உங்கள் உடம்புக்குக் காலை 7:30. பிள்ளைகள் தானாகவே விழித்திருப்பார்கள்.

மதிய_வெயில்
வரம்பு இருப்பதால் இடம் காலியாகிவிடாது, வாசன். நிறுத்துமிடம் நிறையும் அளவுக்குப் பதிவு கொடுக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே மணி நேரத்தில் வந்து ஒரே கம்பித் தடுப்பில் நிற்கிறார்கள். பதிவு மலைக்குள் விடும், அவ்வளவுதான். 9,740 அடியில் இருக்கும் பார்வையாளர் மையத்து நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். மையத்திலேயே இடம் வேண்டுமென்றால் வைலேயாவிலிருந்து 3 மணிக்கே கிளம்ப வேண்டும். 2 மணி நேரப் பாதை.

6 வயதுப் பிள்ளையைக் கடல் மட்டத்திலிருந்து 2 மணி நேரத்தில் 10,000 அடிக்கு ஏற்றினால் தலைவலி, வாந்தி வரலாம். காற்றழுத்தம் கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்திருக்கும். குளிரும் உறைநிலையை ஒட்டியே இருக்கும், மேலே காற்று வேறு. கடற்கரைக்குக் கொண்டுவந்த துணி அங்கே எதற்கும் ஆகாது.

என் வழி: சரியாக 7க்குச் சாவடி. டிசம்பர் கடைசியில் சூரியன் வருவது 7க்குச் சற்று முன். வந்த கால் மணி நேரத்தில் கூட்டம் இறங்கத் தொடங்கும். சாவடியிலிருந்து உச்சி சுமார் 10 மைல், வளைவுகளில் அரை மணி நேரம். நீங்கள் ஏறும்போது அவர்கள் எதிரே வருவார்கள். 8 முதல் 10 வரை நிறுத்துமிடத்தில் தாராளமாக இடம் இருக்கும்.

வைகறை_வாசன்
7க்கு என்றால் 7க்கு. 6:30க்கே போய்க் காத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, நிறம். சூரியன் எழும் முன் அரை மணி நேரத்தில்தான் வானம் ஊதா, செம்மை என்று மாறும். 7:30க்குப் போகிறவருக்கு வெறும் பகல்தான் மிச்சம். அந்த மலையின் உயிரையே விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

கயல்
இரண்டும் வேண்டாமே, அஸ்தமனம் போகலாமே? பதிவே தேவையில்லை.

மதிய_வெயில்
கயல், பதிவு தேவையில்லை என்பதே அதன் சிக்கல். உதயத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் அங்கே போகிறார்கள். நிறுத்துமிடம் நிறைந்தால் மேலே விடாமல் நிறுத்தவும் செய்வார்கள். டிசம்பரில் அஸ்தமனம் 6க்குச் சற்று முன். 4 மணிக்கு மேலே இருக்க முடியாதவர்கள் உச்சியை மறந்துவிட்டு 8,840 அடியில் லெலேயிவி காட்சிமேடைக்குப் போகலாம். பிற்பகலில் எரிமலைப் பள்ளத்தில் மேகம் நிரம்பி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் மேகத்தில் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. உச்சியில் நெருக்கியடிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. கலஹாக்கு மேடைக்கு இறங்கும்போதுதான் திரும்ப முடியும், ஏறும்போது தேடாதீர்கள்.

வைகறை_வாசன்
லெலேயிவி பற்றிச் சொன்னது சரி. சின்னப் பிள்ளைக்கு 6 வயதுதான் என்பதையும் ஏற்கிறேன். பிள்ளைகளோடு என்றால் 7 மணி வழி போகலாம். ஆனால் பெரியவர்கள் மட்டும் போகும்போது அதே யோசனையைச் சொல்லாதீர்கள். ஜூனில் சூரியன் 5:40ஐ ஒட்டியே எழுந்துவிடும். 7க்குச் சாவடி என்றால் எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

உதயத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, உடனே இறங்குவது. இறங்கும் வண்டிகளோடு வரிசையில் ஊர்வதைவிட, அங்கேயே தொடங்கும் ஸ்லைடிங் சாண்ட்ஸ் தடத்தில் இறங்கிப் பாருங்கள். முதல் காட்சிமுனைக்குப் போய்வர அரை மைல்தான், அங்கேயே ஆள் குறைந்துவிடும்.

மதிய_வெயில்
அந்தத் தடத்தைப் பற்றி இரண்டு விஷயம். ஏற இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். பிள்ளைகளோடு 20 நிமிடம் இறங்கினால் 40 நிமிடம் ஏற்றம் என்று வைத்துக்கொண்டு திரும்புங்கள். தடத்தை விட்டு விலகாதீர்கள். அஹினாஹினா என்னும் வெள்ளிவாள் செடியின் வேர் கரிமணலில் மேலாகவே படர்ந்திருக்கும். பக்கத்தில் மிதித்தாலே நசுங்கும். பல பத்தாண்டு வளர்ந்து ஒரே முறை பூத்துப் பட்டுப்போகும் செடி அது, உலகில் இந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது.

சங்கு, பூங்காவுக்குள் பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வழியில் வரும் புக்கலானி ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்துப் போடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஸ்கூபா ஆழ்முழுக்கு திட்டம் இருந்தால் மலையை அதற்கு முன் வையுங்கள், அல்லது முழுகி 24 மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

சங்கு_அலை
பிள்ளைகளோடு 2ஆம் நாள் காலை 7 மணிக்குச் சாவடி. 4ஆம் நாள் ஸ்கூபா. கம்பளிக் குல்லாய் வாங்கிவிடுகிறேன்.