கலைச்சொல் விவாதம்: முன்குரல், மறுகுரல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிதார் கலைஞர் பென் ஹார்ப்பரும் ‘பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா’ என்ற காஸ்பல் பாடகர் குழுவினரும் இணைந்து 2004இல் வெளியிட்ட ‘தேர் வில் பி எ லைட்’ என்ற ஆல்பத்தைப் பற்றிய கட்டுரைக்காக நம்மிடம் மூன்று சொற்கள் கேட்கப்பட்டிருந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் காஸ்பல், ப்ளூஸ் என்ற இரு இசை மரபுகளின் பெயர்கள். இவ்விரு மரபிலும் ஒருவர் ஓர் அடியைப் பாட, அதற்கு மற்றவர்களோ ஒரு கருவியோ பதில் கொடுக்கும் முறையைக் குறிக்கும் சொல். ஒரு வாரமாக நம் மடல்கள் முதலிரண்டையே சுற்றி வருகின்றன. நமக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்றாவது சொல்தான் என்று கருதுகிறேன். அதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலிரண்டைப் பற்றிச் சுருக்கமாக. ‘நற்செய்தி இசை’ என்ற பரிந்துரை அழகானது. ஆனால் அதைப் படிக்கும் தமிழ் வாசகர் நம் தேவாலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளையும் நற்செய்திக் கூட்டங்களையும் நினைப்பாரே தவிர, அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஒரு தனி இசை மரபை நினைக்க மாட்டார். ‘சோக இசை’ என்ற பரிந்துரை ப்ளூஸைக் குறுக்கிவிடுகிறது. ப்ளூஸில் துயரம் உள்ள அளவுக்கு நையாண்டியும் காமமும் கூலித் தகராறும் ரயில் பயணமும் உண்டு. ஒரு மக்கள் தங்கள் இசைக்கு இட்ட பெயரை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதே முறை. ‘காஸ்பல்’, ‘ப்ளூஸ்’ என்றே இருக்கட்டும். இந்த ஆல்பத்தைக் குறிக்க வந்த ‘கூட்டிசைத் தொகுப்பு’ என்ற பரிந்துரையும் வேண்டாம். கூட்டிசை என்றால் பலர் ஒன்றாகப் பாடுவது என்று பொருள்பட்டுவிடும். ‘கூட்டு ஆல்பம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

மூன்றாவது சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரு மரபுகளும் ஒன்றையொன்று தொடும் இடம் அதுவே. காஸ்பல் இசையின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி, அதற்கு முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் பக்கவாத்தியக் குழுவை நடத்தியவர். 1932இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த துயரத்தில் அவர் எழுதிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ இன்றும் காஸ்பலின் தலையாய பாடலாக உள்ளது. திருச்சபைக்கு வந்தபோது அவர் ப்ளூஸின் பாட்டுப் பொருளைத்தான் விட்டுவிட்டார். குரலை வளைக்கும் விதத்தையும் அடிகளுக்கு இடையே பதிலுக்கு இடம் விடும் விதத்தையும் கையோடு கொண்டுவந்தார். அதனால்தான் அந்நாளில் சில சபைகள் அவருடைய பாடல்களை ஏற்கத் தயங்கின.

இந்த முறை இரு மரபிலும் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால், நம் சொல்லுக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்பது தெளிவாகும். காஸ்பல் நால்வர் குழுக்களில் தலைமைப் பாடகர் ஓர் அடியை எடுத்துச் செல்ல, மற்றவர்கள் அதன் கடைசிச் சொற்களையோ மாறாத ஒரு தொடரையோ திரும்பத் திரும்பப் பாடித் தாங்குவார்கள். அந்தத் தாங்கலின் மேல் நின்று அவர் மேலும் மேலும் உயர்ந்து செல்வார். ‘பார்’ எனப்படும் தாளக் கூறுகள் 12 கொண்ட 12 பார் ப்ளூஸில் ஒவ்வோர் அடிக்கும் நான்கு பார்கள் உண்டு. பாடுபவரின் சொற்கள் ஏறத்தாழ முதல் இரண்டில் முடிந்துவிட, எஞ்சிய இடத்தில் கிதார் பதில் சொல்லும். இங்கே பதில் சொல்வது மனிதக் குரல் அன்று. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த பாடல்கள் சிலவற்றில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடியின் பாதியை அவர் பாடிவிட்டு நிறுத்த, மீதிச் சொற்களின் இடத்தைக் கிதார் கம்பிமேல் வழுக்கும் நாதம் நிரப்புகிறது. பாடல் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் காதில் விழுகின்றன. அவர் பாடியவை முழுக்கச் சமயப் பாடல்கள். வாசித்த விதமோ ப்ளூஸ். இந்த இடத்தை நான் பலமுறை திரும்பக் கேட்டிருக்கிறேன். நமக்கு வேண்டிய சொல்லின் இலக்கணம் இதற்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். அலபாமா மாநிலத்தின் தாலடேகாவில், பார்வையற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியில் 1939 வாக்கில் சேர்ந்து பாடத் தொடங்கிய சிறுவர்களே பிளைண்ட் பாய்ஸ். அவர்களோடு ஆல்பத்தில் இணைந்த பென் ஹார்ப்பர், வைசன்பார்ன் என்ற கிதாரை நம் கோட்டு வாத்தியம் போலக் கிடத்தி, கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிப்பவர். அந்தக் கருவியில் சுரங்கள் படிப்படியாக ஏறுவதில்லை, குரலைப் போல இழைகின்றன. ஆல்பத்தில் 11 உருப்படிகள் உள்ளன. ‘மதர் ப்ரே’ கருவிகளே இல்லாமல் குரல்களால் மட்டும் ஆனது. ‘லெவன்த் கமாண்ட்மெண்ட்’ சொற்களே இல்லாமல் கிதாரால் மட்டும் ஆனது. 2005 கிராமி விருதுகளில் ஆல்பம் மரபுவழி காஸ்பல் பிரிவிலும், அந்தக் கிதார் உருப்படி பாப் கருவியிசைப் பிரிவிலும் வென்றன. இந்த இரு எல்லைகளுக்கு இடையில் உள்ள பாடல்களைப் பற்றி எழுதும்போது, ஒரே பத்தியில் பிளைண்ட் பாய்ஸ் முதியவர்களின் குரல் ஹார்ப்பருக்குப் பதில் சொல்வதையும், ஹார்ப்பரின் கிதார் அவர்களுக்குப் பதில் சொல்வதையும் கட்டுரையாளர் குறிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு சொல் ஆண்டால் கட்டுரையின் மையக் கருத்தே கலைந்துவிடும்.

இந்த உரைகல்லில் இதுவரை வந்த பரிந்துரைகளை உரைத்துப் பார்க்கிறேன். ‘அழைப்பும் பதிலும்’ என்பது ‘கால் அண்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் நிழல். ப்ளூஸ் பாடகர் கிதாரை அழைப்பதில்லை, தன் பாட்டைப் பாடிவிட்டு இடம் விடுகிறார், அவ்வளவே. ‘வினா விடை’ என்றால் முதல் அடி கேள்வியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரும். ‘எதிரொலி’ சொன்னதையே சொல்வது. மறுபக்கம் புதிதாக எதையும் சேர்க்க அதில் இடமில்லை. ‘எதிர்க்குரல்’ இன்றைய தமிழில் கண்டனக் குரலாகிவிட்டது.

‘பின்பாட்டு’ என்ற பரிந்துரைதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தெருக்கூத்திலும் வில்லுப்பாட்டிலும் உயிரோடு இருக்கும் சொல் அது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ என்று சொல்லிக் கதையை முன்னே தள்ளுவதைக் கேட்டவர்களுக்கு, கறுப்பினத் திருச்சபையில் போதகரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபையார் ‘ஆமென்’ என்று குரல் கொடுப்பதன் ஆற்றல் விளக்காமலே புரியும். ஆனாலும் பாட்டு என்றால் அது பாடப்பட வேண்டும். ‘கிதாரின் பின்பாட்டு’ என்பது கவிதைக்குப் பொருந்தும், கலைச்சொல்லாக நிற்காது. தவிர, ‘பின்பாட்டுப் பாடுகிறான்’ என்ற வழக்கில் தன் கருத்து இல்லாதவன் என்ற இழிவுப் பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, முதலில் வருவதை ‘முன்குரல்’ என்றும் பதிலாக வருவதை ‘மறுகுரல்’ என்றும் முழுமையான வழக்கத்தை ‘மறுகுரல் முறை’ என்றும் வழங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். தமிழில் குரல் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. குயிலுக்குக் குரல் உண்டு. பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களில் முதலாவதன் பெயரே குரல். அது மிடற்றுக்கும் யாழுக்கும் பொதுவாக வழங்கியது. எனவே கிதாருக்குக் குரல் கொடுக்க நாம் புதிதாக எந்த உரிமமும் பெற வேண்டியதில்லை. மறுமொழி, மறுபதிப்பு என்பவற்றில் உள்ள ‘மறு’ பதிலையும் திரும்ப வருவதையும் ஒருசேரக் குறிப்பதால், அதே அடியைத் திருப்பிச் சொல்வதும் புதிய அடியால் விடை சொல்வதும் இதில் அடங்கும். வினையாகவும் இது இயல்பாக வரும்: ‘பிளைண்ட் பாய்ஸ் பாடகர் கிளாரன்ஸ் ஃபவுண்டன் அடியை எடுக்க, மற்றவர்கள் மறுகுரல் கொடுக்கிறார்கள்’, ‘இரண்டு பார்கள் கழிந்ததும் வைசன்பார்ன் மறுகுரல் கொடுக்கிறது’. குரல் என்பது சுரப்பெயரோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ‘முன்’, ‘மறு’ என்ற அடைகள் எப்போதும் சேர்ந்தே வருவதால் குழப்பத்துக்கு இடமில்லை என்று நம்புகிறேன்.

இதனோடு சேர்த்துவிடாமல் தனியே வைக்க வேண்டிய ஒரு வழக்கமும் உண்டு. பாட்டுப் புத்தகம் இல்லாத, எழுத்தறிய வாய்ப்பு மறுக்கப்பட்ட சபைகளில், மூப்பர் ஒருவர் ஞானப்பாட்டின் ஓர் அடியைச் சொல்ல, சபை அதை நீட்டி இழைத்துப் பாடும். அங்கே நடப்பது பதில் அன்று; பாட்டே அப்படித்தான் சபைக்குப் போய்ச் சேருகிறது. இதற்குத் தமிழில் ஆயத்தமாகவே சொல் இருக்கிறது. சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று தில்லைக் கூத்தன் அடியெடுத்துக் கொடுத்தான் என்பது நம் மரபு. ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பெயராக வேண்டும்போது ‘அடியெடுப்பு’.

அகராதிப் பதிவுக்கு நான் முன்வைக்கும் விளக்கம் இது: ‘மறுகுரல்: ஒரு பாடகரோ கருவியோ முன்னர் இசைத்த அடிக்கு, அதே அடியாலோ வேறோர் அடியாலோ, மற்றொரு குரலோ குழுவோ கருவியோ கொடுக்கும் இசைப் பதில்.’ திருத்தங்களை இந்த வாசகத்திலேயே செய்து அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஜான்சனின் ‘டார்க் வாஸ் த நைட்’ பதிவில் சொற்களே இல்லை. வாய்மூடி அவர் எழுப்பும் ஒலியோடு கிதார் இழைந்து செல்கிறது; 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட இசைத்தட்டில் இடம்பெற்ற பதிவு அது. அந்த ஒலியை ‘முனகல்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை; நோயும் எரிச்சலும் அந்தச் சொல்லில் முன்னே வந்து நிற்கின்றன. உங்கள் பேச்சில் ‘அனுங்குதல்’ என்ற சொல் புழங்குகிறது. ஒருவர் தமக்குள் மெல்லிய குரலில் நெடுநேரம் இழுத்து வருந்துவதற்கு, நோயைக் குறிக்காமல், அதை ஆள்வதுண்டா?