எச்டிஎம்எல்-ஐ மாற்றும் செருகுநிரல்களுக்குத் தானியங்கிச் சோதனை எழுதுவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எச்டிஎம்எல்-ஐப் படித்து மாற்றி எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவித்தொகுப்பான ரீஹைப் சூழலுக்காக இரண்டு செருகுநிரல்களைப் பராமரித்து வருகிறேன். ஒன்று, வெளித்தளங்களுக்குச் செல்லும் இணைப்புகளைக் கண்டறிந்து அவற்றின் 'ரெல்' அட்ரிபியூட்டில் (இணைப்பின் தன்மையைக் குறிக்கும் பண்பில்) 'நோஓப்பனர்' (திறக்கப்படும் பக்கம் நம் பக்கத்தை அணுகாமல் தடுக்கும் மதிப்பு) என்பதைச் சேர்க்கிறது. மற்றொன்று, ஒவ்வொரு தலைப்புக்கும் அதன் எழுத்துகளைக் கொண்டே ஓர் 'ஐடி' உருவாக்கி, தலைப்பின் உள்ளடக்கம் முழுவதையும் அந்த ஐடிக்குச் செல்லும் இணைப்பாகச் சுற்றிவிடுகிறது.

இப்போதுள்ள சோதனைகள், எச்டிஎம்எல் சரம் ஒன்றைக் கொடுத்து, வெளிவரும் சரம் எதிர்பார்த்த சரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. நாங்கள் சார்ந்திருக்கும் தொகுப்புகளில் ஏதேனும் ஒன்றின் பதிப்பு உயர்ந்தாலே பல சோதனைகள் தோற்கின்றன. அப்போது செருகுநிரல் கெட்டுவிட்டதா, எழுதும் முறை மட்டும் மாறியதா என்பதைப் பிரித்தறிய முடிவதில்லை. ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவி தரும் ஸ்னாப்ஷாட் முறைக்கு (முதலில் கிடைத்த வெளியீட்டைச் சேமித்து, பின்னர் அதனோடு ஒப்பிடுவது) மாறிவிடலாமா, அல்லது இதற்கென வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பொதிகைத்தென்றல்

வணக்கம். ஸ்னாப்ஷாட்டுக்கு மாறுவதால் இந்தச் சிக்கல் தீராது. அதுவும் சர ஒப்பீடுதான். எதிர்பார்த்த சரத்தை நீங்கள் எழுதுவதற்குப் பதிலாகக் கருவி எழுதிக்கொள்கிறது, அவ்வளவே. பதிப்பு உயர்ந்து நூறு ஸ்னாப்ஷாட்டுகள் ஒன்றாகத் தோற்கும்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பவர் அரிது. மொத்தமாகப் புதுப்பித்துவிடுவார்கள், உண்மையான பிழையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடும்.

ஒப்பிட வேண்டியது சரத்தை அல்ல, மரத்தை, அதாவது டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கும் கட்டமைப்பை. ஒரே பொருளை எச்டிஎம்எல்-இல் பலவாறு எழுதலாம்: அட்ரிபியூட்டுகளின் வரிசை மாறலாம், மேற்கோள் குறி ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கலாம், இடப்பக்கக் கோணக் குறியைப் பெயரால் குறிக்கலாம், எண்ணாலும் குறிக்கலாம். இவை எதனாலும் உலாவி கட்டும் மரம் மாறுவதில்லை. ஆகவே எதிர்பார்க்கும் எச்டிஎம்எல், கிடைத்த எச்டிஎம்எல் இரண்டையும் ஒரே பார்சரில் (சரத்தை மரமாக்கும் நிரலில்) கொடுத்து, கிடைக்கும் ஹாஸ்ட் மரங்களை (ஹாஸ்ட் என்பது ரீஹைப் பயன்படுத்தும் மர வடிவம்) நோட்.ஜேஎஸ்-இன் சொந்த 'டீப் ஸ்ட்ரிக்ட் ஈக்வல்' கொண்டு ஒப்பிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கணுவிலும் (மரத்தின் உறுப்பிலும்) உள்ள 'பொசிஷன்' தகவலை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வரி எண் மாறியதற்காகவே சோதனை தோற்கும். உலாவி இல்லாமலே அதன் மரத்தை (டாம்) உருவாக்கித் தரும் ஜேஎஸ்டாம் பயன்படுத்துவோர் 'ஈஸ் ஈக்வல் நோட்' என்ற டாம் செயற்கூற்றை அழைக்கலாம். அதுவும் அட்ரிபியூட் வரிசையைப் பொருட்படுத்துவதில்லை.

ரீஹைப்பின் பார்சரிடம் 'ஃபிராக்மென்ட்' (முழுப் பக்கம் அல்ல, துண்டு மட்டும்) விருப்பத்தைக் கொடுக்காவிட்டால், ஒரு பத்தியை மட்டும் கொடுத்தாலும் எச்டிஎம்எல், ஹெட், பாடி ஆகிய மூன்றையும் அது தானே சேர்த்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கல்லணை

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மர ஒப்பீட்டோடு நின்றுவிட்டால், உங்கள் இரண்டாவது செருகுநிரலில் பெரிய பிழை ஒன்று சோதனையிலிருந்து தப்பிவிடக்கூடும்.

தலைப்பு ஒன்றுக்குள் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் செருகுநிரல் அதைச் சுற்றி இன்னோர் இணைப்பை இடுகிறது. ஹாஸ்ட் மரத்தைப் பொறுத்தவரை இணைப்புக்குள் இணைப்பு என்பது எந்தத் தடையும் இல்லாத அமைப்பு. எதிர்பார்க்கும் மரத்தையும் அவ்வாறே கையால் கட்டியிருந்தால் சோதனை வெற்றி பெறும். அந்த மரம் சரமாகி உலாவியை அடையும்போதுதான் சிக்கல். எச்டிஎம்எல் தரத்தின் பார்சிங் விதிப்படி, உள் இணைப்பின் தொடக்க டேக் வந்ததும் வெளி இணைப்பு மூடப்பட்டுவிடும். வாசகருக்குக் கிடைப்பது நீங்கள் கட்டிய மரம் அல்ல. பத்திக்குள் 'டிவ்' வைத்தாலும் இதே கதைதான்: டிவ் தொடங்கும்போதே பத்தி முடிந்துவிடும். அட்டவணைக்குள் நேரடியாக எழுத்தை வைத்தால், அது அட்டவணைக்கு முன்னால் தள்ளப்படும்.

ஆகவே சோதனைக்கு வைத்திருக்கும் எல்லா மாதிரிக் கோப்புகளுக்கும் பொதுவாக ஒரு சுற்றுச் சோதனை எழுதுங்கள்: செருகுநிரல் தந்த மரத்தைச் சரமாக்கி, அந்தச் சரத்தை மீண்டும் பார்சரில் கொடுத்து, முதல் மரமே திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துக் கணுக்கள் இந்தச் சுற்றில் ஒன்றாகிவிடும். அது குற்றமல்ல என்பதால் ஒப்பிடும் முன் அவற்றை இணைத்துவிடலாம். இதற்கு மேல் என்ன வேறுபாடு கண்டாலும் அதை ஆராய்ந்தே தீர வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, செருகுநிரல் எதைத் தொடக்கூடாது என்பதற்கான சோதனை. பெரும்பாலான நிரல் களஞ்சியங்களில் எதை மாற்றுகிறது என்பதற்கு மட்டுமே சோதனைகள் இருக்கின்றன. உங்கள் முதல் செருகுநிரலையே எடுத்துக்கொண்டால், 'ரெல்' அட்ரிபியூட்டில் முன்பே 'நோஃபாலோ' போன்ற வேறு மதிப்பு இருந்தால் அது அழியாமல் அதனோடு 'நோஓப்பனர்' சேர வேண்டும். மின்னஞ்சல் இணைப்பும், அதே தளத்துக்குள் செல்லும் சார்பு முகவரியும், '#'-இல் தொடங்கும் முகவரியும் மாறக்கூடாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முகவரி பார்வைக்குத் தளத்தின் உள்முகவரி போலத் தெரிந்தாலும் வெளித்தளமாக இருக்கலாம் என்பதால், அதற்குத் தனி மாதிரி தேவை. 'டெம்ப்ளேட்' டேக்கின் உள்ளடக்கத்தை ஹாஸ்ட் 'சில்ட்ரன்' பட்டியலில் வைக்காமல் 'கன்டென்ட்' என்ற தனிப் புலத்தில் வைக்கிறது. வழக்கமான மர நடை (கணுக்களை ஒவ்வொன்றாகச் சென்று பார்ப்பது) அதற்குள் நுழையாது. அது உங்கள் விருப்பமா இல்லையா என்பதைச் சோதனையே சொல்லட்டும்.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. சுற்றுச் சோதனை பற்றி நான் எண்ணியதே இல்லை. தளம் முழுவதும் தமிழில் இருப்பதால், ஐடி உருவாக்கும் பகுதிக்கு எத்தகைய மாதிரிகளை வைக்க வேண்டும் என்பதையும் யாரேனும் கூற இயலுமா?

பொதிகைத்தென்றல்

'கல்வி', 'கலவை' என்ற இரண்டு தலைப்புகளை ஒரே பக்கத்தில் வைத்து ஒரு மாதிரிக் கோப்பு உருவாக்குங்கள். யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து வகையைச் சேர்ந்தவை அல்ல, குறி வகையைச் சேர்ந்தவை. ஐடியில் எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் கோவை) இரண்டையுமே 'கலவ' என்று சுருக்கிவிடும். குறி வகையையும் சேர்த்து அனுமதித்தால்தான் சரியாக வரும். ஜாவாஸ்கிரிப்டின் பழைய சொல்லெழுத்துக் குறியீடு ('\w') இன்னும் மோசமானது. ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு தவிர அனைத்தையும் நீக்குவதால் ஐடி வெற்றாகிவிடும், வெற்று ஐடி எச்டிஎம்எல் தரப்படி செல்லாது.

அடுத்து, 'கொடி' போன்ற ஒரு சொல். ஒகரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் இணைப்பில் ஒரு வடிவமும் ஐடியில் மற்றொரு வடிவமும் இருந்தால் உலாவி அந்தத் தலைப்புக்குத் தாவாது. ஐடி உருவாக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியீட்டெண்ணாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டு, இரு வடிவ உள்ளீட்டுக்கும் ஒரே ஐடி வருகிறதா என்று சோதியுங்கள்.

கல்லணை

இன்னும் ஒன்று. செருகுநிரலை ஒரே மரத்தின்மேல் இரண்டு முறை ஓட்டி, இரண்டாம் முறை எதுவும் மாறவில்லை என்பதைச் சரிபாருங்கள். தலைப்பைச் சுற்றும் செருகுநிரலில் இந்தச் சோதனை தோற்றால், முன்சொன்ன இணைப்புக்குள் இணைப்புப் பிழைக்கும் காரணம் அதே இடத்தில்தான் இருக்கும். இரண்டு முறை ஓட்டினாலும் மாறக்கூடாது என்ற இந்த விதி, சுற்றுச் சோதனை ஆகிய இரண்டையும் ஃபாஸ்ட்-செக் போன்ற கருவியிடம் கொடுத்தால், அது தற்போக்கான மரங்களை உருவாக்கி ஓட்டிப் பார்த்து, தோற்கும் மரத்தைத் தன்னால் இயன்ற அளவு சிறிதாக்கிக் காட்டும். அதில் கிடைப்பதை அப்படியே நிரந்தர மாதிரிக் கோப்பாகக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள்.