பழைய ஸ்பீக்கருக்கு கிராஸ்ஓவர் மாற்ற வேண்டும், பேஸும் குமுறுகிறது: வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு நாகஸ்வரக் கச்சேரி என்றால் உயிர். அவருக்காகத்தான் இந்தத் தவிப்பு.

கிராஸ்ஓவர், அதாவது மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று, எப்படி இருக்கிறது என்று முன்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் திறந்து பார்த்தேன். ட்வீட்டருக்கு (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) ஒரே ஒரு 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஊஃபருக்கு (கீழ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) வயர் நேராகப் போகிறது, மேல் ஒலியைத் தடுக்கும் காயிலே இல்லை. 8 ஓம் ட்வீட்டருக்கு அது சுமார் 4,200 ஹெர்ட்ஸில்தான் பிரிக்கும். மேல் ஸ்தாயியில் நாதம் கூசுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

2,500 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவில் பிரிக்கும் ஒரு கிராஸ்ஓவர் வகை) போடலாமா? கணக்குப்படி இரண்டு பக்கமும் 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டர் வருகிறது. ட்வீட்டர் வயரை பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்க வேண்டும், அது தெரியும். ஆனால் டேட்டா ஷீட் இல்லாத ட்வீட்டர் அவ்வளவு கீழே தாங்குமா?

அப்புறம் பேஸ். சப்ஊஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி) மூலையில் இருக்கிறது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது அதற்குப் போகும்படி ரிசீவரில் வைத்திருக்கிறேன். கூடம் 14 அடி நீளம், 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையில் பாதி கிட்டத்தட்ட அந்த நீளம்தான், அதனால் 40 ஹெர்ட்ஸ் அருகே அறையே அதிர்கிறது. சுவரோரம் அப்பா உட்காரும் இடத்தில் தவிலின் தொப்பி அடி குமுறுகிறது. கூடத்தின் நடுவில் போய் நின்றால் அதே அடி காணாமல் போகிறது. ஈக்வலைசரில் 40-ஐக் குறைத்தால் அவருக்குச் சரியாகிறது, நடுவில் இருப்பவர்களுக்கு இன்னும் மெலிந்துவிடுகிறது. எதிர்ச்சுவரில் இரண்டாவது சப் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தஞ்சாவூர், திருச்சியில் ஏர் கோர் (நடுவில் இரும்பு இல்லாத) காயில் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். இல்லையென்றால் நானே சுற்றிக்கொள்கிறேன், எந்த கேஜ் (தடிமன்) செம்புக் கம்பி வாங்குவது?