மறு: பிளாசிபிலிட்டி ஸ்ட்ரக்சர் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தி உட்காருவதற்குள் இந்த இழை வெகுதூரம் போய்விட்டது. ஒரு நம்பிக்கை இயல்பாக நம்பக்கூடியதாக நிற்க அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆட்கள், நிறுவனங்கள், சடங்குகள் ஆகியவற்றைச் சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் பிளாசிபிலிட்டி ஸ்ட்ரக்சர் என்கிறார்; அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. எல்லா மடல்களையும் நேற்றிரவு ஒருசேரப் படித்தேன். மொரிசியசிலிருந்து, ரோஸ் ஹில்லிலிருந்து, என் கருத்து இது.

> "நம்பகக் கட்டமைப்பு" என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமே. இரண்டு சொல்லும் புழக்கத்தில் உள்ளவைதாம்.

சென்னை ஐயா சொன்ன இந்தச் சொல்லைத்தான் முதலில் நானும் எடுத்துக்கொண்டேன். எங்கள் கோவில் மாலை வகுப்பில் சமயமும் சமூகமும் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பீட்டர் பெர்கரைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, அதில் இந்தச் சொல்லையே இட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் எழுந்து, "மிஸ், கோவில் நிர்வாகம் நம்பகமாக இருக்க வேண்டும் என்கிறாரா?" என்று கேட்டாள். அவள் மேல் தவறில்லை. நம்பகச் செய்தி என்றால் நம்பக்கூடிய செய்தி. அதே வாய்பாட்டில் நம்பகக் கட்டமைப்பு என்றால் நம்பக்கூடிய கட்டமைப்பு. பெர்கர் சொல்வது அதுவன்று. அந்த அமைப்பை யாரும் நம்பத் தேவையில்லை, பலர் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை. அது இருப்பதால் வேறொன்று நம்பக்கூடியதாகிறது. தமிழ்ச்சொல் இந்த இடத்தில் வழுக்கினால் பெர்கரின் கருத்தே கைநழுவிவிடும்.

யாழ்ப்பாணத்து அக்காவின் "நம்பத்தகு அமைவு" இலக்கணத்தில் சுத்தமானது. ஆனால் "தகு" என்றதும் தகுதி வந்துவிடுகிறது. ஒரு கருத்து நம்பத் தகுந்ததா என்று பெர்கர் தீர்ப்புச் சொல்வதில்லை. கூச்சமில்லாமல், யோசிக்காமல், அன்றாடம் மூச்சுவிடுவதுபோல் ஒருவர் அதை நம்ப முடிகிறதா, முடிகிறது என்றால் அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குச் சற்றுப் பின்னணி. பெர்கர் (1929–2017) வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1966இல் தாமஸ் லுக்மனோடு சேர்ந்து, நாம் மெய் என்று எடுத்துக்கொள்ளும் உலகத்தைச் சமூகம் எப்படிக் கட்டி எழுப்புகிறது என்று ஒரு நூல் எழுதினார். அதில் பவுல் அடிகளை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். தமஸ்கு வழியில் ஒளி கண்டு சவுல் பவுலாக மாறியது தனியாக நடந்திருக்கலாம், ஆனால் அவர் பவுலாகவே நீடித்ததற்குக் கிறிஸ்தவச் சபை வேண்டியிருந்தது. மாறுவது ஒரு நாள் வேலை. மாறியபடியே இருப்பதற்குத் தினமும் நம்மை அந்தப் பெயரால் கூப்பிட ஆட்கள் வேண்டும். அடுத்த ஆண்டு சமயம் பற்றித் தனியாக எழுதிய நூலில் தென் அமெரிக்காவின் இன்கா மக்களைக் காட்டுகிறார். 1533இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா அரசன் அதாவல்பாவைக் கொன்றதோடு ஓர் அரசன் மட்டும் போகவில்லை. அந்தச் சமூகம் நின்றவரைக்கும் மெய்யாக இருந்த உலகமும் சேர்ந்து சரிந்தது. அந்த உலகத்தை யாரும் வாதத்தில் வெல்லவில்லை.

எனக்கு இது நூலில் படிப்பதற்கு முன்பே வீட்டில் தெரிந்த விஷயம். என் சின்னம்மா மகன் பதினாறு ஆண்டு தொடர்ந்து காவடி எடுத்தவன். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், தரையில் படுக்கை, செம்புப் பால் திரியாமல் மலைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை, எல்லாம் உண்டு. வேலைக்காக இங்கிலாந்து போனான். முதல் ஆண்டு அறையிலேயே விரதம் இருந்தான். இரண்டாம் ஆண்டு பூச நாளன்று மட்டும் விளக்கேற்றினான். மூன்றாம் ஆண்டு பூசம் வந்து போனதே அவனுக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அழுதுவிட்டான். "முருகன் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை அக்கா. முருகன் பேச்சே எடுக்காத இடத்தில் இருந்துவிட்டேன்" என்றான். போன ஆண்டு சனவரியில் ஊருக்கு வந்தான். வந்த மூன்றாம் நாளே அதிகாலையில் எழுந்து குளித்துவிட்டு, காவடிக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவன் இழந்ததும் திரும்பப் பெற்றதும் எதுவோ, அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> நம்புசூழல், நம்புதளம் – வினைத்தொகையாக வைத்தால் சிக்கனமாக இருக்கும், ஏவுதளம் மாதிரி.

டொராண்டோ தம்பியின் இந்த இரண்டில் "நம்புதளம்" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தளம் என்றாலே பாதிப்பேருக்கு இணையத்தளம்தான். "சூழல்" மிகவும் இளகிய சொல், எதையும் அதற்குள் போடலாம். பெர்கர் சொல்வது குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட நிறுவனங்கள், நாள்காட்டி, சடங்கு, விலகுகிறவரை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடுகள்.

நான் சில நாள் "சுற்றம்" என்ற சொல்லோடு கிடந்தேன். "சுற்றத்தால் சுற்றப் படஒழுகல்" என்று வள்ளுவர் சொல்லும்போது அதில் ஓர் அரண் தெரிகிறது. ஆனால் இன்று அந்தச் சொல் "சுற்றமும் நட்பும் சூழ" என்று கல்யாணப் பத்திரிகையில் உட்கார்ந்துவிட்டது. உறவுக்காரர்கள் என்றே வாசிப்பார்கள். பெர்கரின் கருத்தோ கோவிலுக்கு மட்டும் உரியதன்று. அரசியல் கட்சிக்கும் மருத்துவத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அது பொருந்தும்.

வழி கிடைத்தது பந்தலடியில். பெர்கரின் 1967 நூலான "தி சேக்ரட் கனோப்பி"யின் தலைப்பைப் "புனித விதானம்" என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். விதானம் என்றால் எனக்குச் சுவாமிக்கு மேலே கட்டும் துணிதான் கண்ணில் வருகிறது. பந்தல் என்று ஏன் சொல்லக்கூடாது? ஒழுங்கற்ற வெளியிலிருந்து மனிதரைக் காக்க, பொருள் என்ற ஒன்றைச் சமயம் தலைக்குமேல் விரிக்கிறது என்பது அவர் எண்ணம். வெயிலுக்கும் மழைக்கும் நாம் போடுவது பந்தல். பந்தல் தானாக நிற்காது.

எங்கள் ஊரில் மூங்கில் நட்டுத் தழை கட்டிப் போடும் பந்தலை இங்கே பேசும் கிரியோல் மொழியில் லா சால் வெர்த் என்பார்கள், பச்சைக் கூடம் என்று பொருள். கல்யாணமோ கோவில் திருவிழாவோ அது இல்லாமல் இல்லை. காவடி வருவதோ எங்கள் புயல் காலத்தில். என் மாமா பந்தல் போடுவதில் கைதேர்ந்தவர். வருகிறவர்கள் மேலே தொங்கும் மாவிலையையும் தென்னங்கீற்றுப் பின்னலையும் பார்த்து வியப்பார்கள், அவர் மட்டும் குனிந்தபடியே சுற்றுவார். ஒவ்வொரு காலாகப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். இரவு மழையில் நனைந்த கயிறு வெயிலில் காய்ந்ததும் தளரும், அதை அவிழ்த்து மறுபடி இறுக்குவார். பத்து நாளும் காலையில் இதே வேலை. பெர்கரும் லுக்மனும் நம் மெய்ம்மையைத் தக்கவைக்கும் முதன்மைக் கருவி அன்றாடப் பேச்சு என்கிறார்கள். கால்கள் மனிதர்கள் என்றால் கயிறு பேச்சு. படிக்கும்போது எனக்கு மாமாவின் கைதான் தெரிந்தது.

ஆகவே என் முன்மொழிவு: "நம்பகத் தாங்கமைப்பு". இடம் தெளிவாக இருந்தால் சுருக்கமாகத் "தாங்கமைப்பு". தாங்கு என்பதோடு அமைப்பு சேர்ந்து வருகிறது, சுமைதாங்கிக் கல் போல நம் காதுக்குப் பழகிய தாங்கு. "நம்பகம்" இங்கே அடைமொழியாக நிற்காது. எது தாங்கப்படுகிறதோ அதன் பெயராகிவிடும். பந்தலும் தாங்கமைப்பும் இணைந்து போகும்.

> இது சமூகவியல் சொல். பந்தல், கால் என்று உவமை கலந்தால் கறார் போய்விடாதா?

கனோப்பி என்பதும் உவமைதான், ஸ்ட்ரக்சர் என்பதும் கட்டடத்திலிருந்து வந்ததுதான். அவர்கள் வீட்டு உவமை அவர்களுக்குக் கறாராக இருக்கிறதென்றால் நம் வீட்டு உவமை நமக்குக் கறாராக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் மெய்கண்டார் "அம்மலம் கழீஇ அன்பரொடு மரீஇ" என்கிறார். ஞானம் அடைந்தவரே அடியார் கூட்டத்தோடு கலந்திருக்க வேண்டும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழ வேண்டும். ஞானிக்கே கூட்டம் வேண்டுமென்றால் நம் போன்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மெய்கண்டார் வழி சொல்கிறார், பெர்கர் விளக்கம் சொல்கிறார், நோக்கம் வேறு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள்.

1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகப் போர்ட் லூயிக்கு வந்திறங்கிய நம் முன்னோர், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் கல்லை நட்டு அம்மன் என்று கும்பிட்டது பக்தி மட்டுமன்று. அவர்கள் பந்தலுக்குக் கால் நட்டார்கள். இங்கே ஒருவரிடம் உன் மதம் என்ன என்று கேட்டால் "தமூல்" என்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சமயம் என்ற கேள்விக்குத் தமிழ் என்று பதில் எழுதுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வீட்டில் கிரியோல் பேசும் பாட்டி பிரெஞ்சு எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்து "மந்திரமாவது நீறு" பாடுகிறாள், ஓர் எழுத்தும் பிசகாது. கோவில் என்ற தாங்கமைப்பு இல்லாவிட்டால் எங்களிடம் தமிழே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றவை சுருக்கமாக. செக்யுலரைசேஷனுக்கு "மதச்சார்பின்மை" வேண்டாம், அது அரசின் கொள்கை. "சமயம் தளர்தல்" போதும். பெர்கர் பிற்காலத்தில் அந்தக் கருத்தையே கைவிட்டு, நவீனம் கொண்டுவருவது பன்மையைத்தான், இறைமறுப்பை அன்று என்று வாதிட்டார். அதையும் எளிதாகச் சொல்ல முடிகிறது: ஒரே தெருவில் பல பந்தல். சுற்றியிருப்பவர்களிலிருந்து வேறான உலகநோக்கு உடைய சிறு கூட்டமான காக்னிட்டிவ் மைனாரிட்டிக்கு "அறிவுச் சிறுபான்மை" என்றால் அறிவாளிகள் என்றாகிவிடும், "உலகநோக்குச் சிறுபான்மை" என்று வைக்கலாம்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்:

தாங்கமைப்பு உறுதியாக உள்ளவரை நம்பிக்கை கேள்விக்கு உள்ளாவதில்லை.
புலம்பெயர்ந்தவர் முதலில் இழப்பது நம்பிக்கையை அன்று, அதன் தாங்கமைப்பை.
மதம் மாறியவர் பழைய தாங்கமைப்பிலிருந்து விலகிப் புதியதொன்றில் சேராவிட்டால் மாற்றம் நிலைக்காது.

மூன்றும் எனக்குத் தடங்கலில்லாமல் வந்தன. மாலை வகுப்பில் அதே பெண்ணிடம் கடைசி வாக்கியத்தைக் கொடுத்தேன். அவள் வீட்டில் அண்ணன் பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. தாளை மடித்துக்கொண்டு, "ஞாயிறு, புதன், வெள்ளி என்று அவன் ஏன் ஓடுகிறான் என்று இப்போது புரிகிறது மிஸ்" என்றாள்.

அக்கா, ஐயா, தம்பி, உங்கள் மொழிபெயர்ப்புகளில் இந்தச் சொல் வரும் இடங்களில் இதைப் போட்டுப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து