"உங்க நாத்திகமும் ஒரு மதம்தானே?" – இப்படி உங்களை யாராவது கேட்டதுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

ஈரோட்டு மகள்:

அப்பா போய் பதினோரு மாதம் ஆகிறது. நாற்பது வருடம் கருப்புச் சட்டை போட்ட பெரியார் தொண்டர். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்ததால் பாடை இல்லை, கொள்ளிச்சட்டி இல்லை, காரியம் இல்லை. தோழர்கள் வந்து கொடி போர்த்தினார்கள், வீரவணக்கம் சொன்னார்கள். வாசலில் பெஞ்சு போட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள்.

எல்லாம் முடிந்து ஆள் குறைந்த பிறகு பெரியம்மா மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பா நெனைக்காத கண்ணு. கொடி போத்தறீங்க, கோஷம் போடறீங்க, செப்டம்பர் 17 ஆனா சிலைக்கு மாலை போடறீங்க, அய்யா சொன்னத வரி பிசகாம சொல்றீங்க. நாங்க கோயில்ல பண்றததான நீங்க தெருவுல பண்றீங்க? அப்பறம் உங்களுதும் ஒரு மதந்தான?"

புண்படுத்தக் கேட்கவில்லை. அப்பா விழுந்த இரவில் டாக்டரைக் கூட்டி வந்ததும், இறப்புச் சான்றிதழுக்கு இரண்டு நாள் அலைந்ததும் அந்த அண்ணன்தான். அதனால் கோபம் வரவில்லை, பதிலும் வரவில்லை. இன்று வரை அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இங்கே யார் வென்றார் என்று பார்க்க வேண்டாம். உங்களை எங்கே, யார், எந்தச் சமயத்தில் கேட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கணக்கெடுப்பு வாத்தியார்:

நான் கேட்கப்பட்டவன் இல்லை அம்மா, கேட்டவன். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். மதம் என்ற கேள்வியில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என்று ஆறுக்கும் எண் உண்டு. வேறு எது சொன்னாலும் எழுத்தில் எழுத வேண்டும்.

ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்த பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "எனக்கு மதம் கிடையாது, அப்படியே எழுது" என்றார். அவசரத்தில் "பொறந்தது எதுலங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். "பொறந்தப்ப எனக்குப் பேரே கிடையாது தம்பி" என்றார். 'நாத்திகர்' என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் என்னை விட்டார்.

சில வருடம் கழித்து விவரம் வெளியானபோது தேடிப் பார்த்தேன். நாடு முழுக்க நாத்திகர் என்று பதிவானவர்கள் 33,304 பேர். அந்த எண் இருந்த அட்டவணையின் தலைப்பு 'பிற மதங்களும் நம்பிக்கைகளும்'. மதத்தை ஏதும் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர், அவர்களுக்குத் தனி வரிசை. அந்தப் பெரியவர் எதை வேண்டாம் என்று சொன்னாரோ அந்தப் பட்டியலுக்குள்ளேயே அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான்தான் என்று ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

விழுப்புரம் பக்கம்:

என்னைக் கேட்டது என் மகன். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது, மதம் என்ற இடத்தில் நான் 'இந்து' என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டான். "வீட்ல ஒரு சாமி படம்கூட இல்லையேப்பா, அப்புறம் ஏன்?"

பட்டியல் சாதி யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டு ஆணையை அவனுக்கு அன்று விளக்க வேண்டி வந்தது. பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். வேறு மதத்தைச் சொன்னால் உரிமை போய்விடும். மதமே இல்லை என்று சொல்பவனைப் பற்றி அந்த ஆணையில் ஒரு வார்த்தை கிடையாது. என் தாத்தாவைக் கோயில் தெருவிலேயே நடக்க விடவில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் படிக்க வேண்டும் என்றால் அந்தக் கோயிலின் மதத்தை எழுதித் தர வேண்டியிருக்கிறது.

2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கியபோது மனதார மகிழ்ந்தேன். ஆனால் எங்களுக்கு அந்தத் தாள் ஒரு சீட்டின் விலை. நாத்திகம் மதமா இல்லையா என்று உட்கார்ந்து பேசுவதற்குக்கூட எங்களுக்குக் கொஞ்சம் வசதி வேண்டும் தோழர்களே. மகன் 'இந்து' என்று எழுதினான். அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

தாலி கட்டாதவள்:

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றினோம், உறுதிமொழி படித்தோம், பிரியாணி போட்டோம். பதிவு செய்யப் போன அலுவலகத்தில் எழுத்தர் "கோயில் ரசீது எங்கம்மா?" என்றார். கோயிலில் நடக்கவில்லை என்றேன். "சர்ச்சா?" இல்லை. "அப்ப எதுலம்மா நடந்துச்சு?"

வக்கீல் அண்ணன் ஒருவர்தான் சுயமரியாதைத் திருமணத்துக்கான 7-அ சட்டப் பிரிவை எடுத்துக் காட்டினார். 1950-களில் உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணங்கள் செல்லாது என்று சொல்லியிருந்தது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தார். ஐயர் வேண்டாம், தீ வேண்டாம். புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொன்னால் போதும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஆனால் அந்தத் திருத்தம் நுழைந்தது இந்து திருமணச் சட்டத்துக்குள். 'இரு இந்துக்களுக்கு இடையே' என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. அந்தச் சட்டத்தில் இந்து யார் என்று பார்த்தால், முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். சட்டத்தின் கண்ணில் என் நாத்திகம் தனி மதமும் இல்லை, மதத்துக்கு வெளியேயும் இல்லை.

சமயபுரத்தா:

நான் கும்பிடுகிறவள். பேசலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா நாத்திகர். தங்கைக்கு மூளைக்காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்கள். சித்தப்பா எல்லார் முன்னாடியும் அந்த முடிச்சைப் பிடுங்கிக் காசை எடுத்து மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். "இதுதான் அவளைக் காப்பாத்தும்" என்றார். மருந்துதான் காப்பாற்றியது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்த்தபோது, சாமியாடிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று இருந்தது. அவரிடம் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டால் நாம் முட்டாள்.

அதே ஊரில் எங்கள் தலைமை ஆசிரியரும் நாத்திகர். தங்கை பிழைத்து வந்ததும் வேண்டுதலைச் செலுத்தப் பஸ் கிடைக்காமல் அம்மா நின்றபோது, அவர்தான் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். தேர்முட்டி டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அம்மா பிரசாதம் நீட்டியதும் "பொங்கல்னா குடுங்கம்மா, குங்குமம் வேண்டாம்" என்று வாங்கிச் சாப்பிட்டார். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஈரோட்டு மகள்:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த வாத்தியார் மாதிரிதான் உங்கப்பா" என்றார்கள். அதற்கு முந்தின பத்தியைப் படிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் சில நாட்கள் அப்படி இருந்திருக்கின்றன.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "ஐயா, மதமே வேண்டாம்னு சொல்றதும் ஒரு மதமா?" மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தூங்கவில்லை.

மறுநாள் நன்னூலைக் கையில் எடுத்துப் போனேன். அதை எழுதிய பவணந்தி ஒரு நூலுக்கு எழுவகை மதம் சொல்கிறார். உடன்படல் ஒரு மதம், மறுத்தல் ஒரு மதம். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது ஒரு மதம். அங்கே மதம் என்றால் கொள்கை, கருத்து, அவ்வளவுதான். கும்பிடுவதற்கும் அதற்கும் ஒட்டில்லை. 'மறுத்தல்' என்பதே ஒரு மதம் என்று இலக்கணம் சொல்லித்தந்த மொழி நம்முடையது என்றேன். அந்தப் பெண் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்து மணிமேகலைக் காப்பியத்துக்கு வந்தேன். வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவில் போய் ஒவ்வொரு சமயவாதியையும் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் எல்லாரும் பேசிய பிறகு கடைசியில் பூதவாதி. வினைப்பயனும் மறுபிறப்பும் இல்லை என்னும் நாத்திகன். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மயக்கம் பிறப்பதைப் போல நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்கிறான். கண்ணால் காண்பதே அளவை, அதாவது அறியும் வழி; ஊகித்து அறியும் அனுமானம் ஆகாது என்பது அவன் கட்சி. அவனையும் காப்பியத்தை எழுதிய சாத்தனார் 'சமயக்கணக்கர்' வரிசையில்தான் நிறுத்துகிறார். பௌத்தம் பேசும் காப்பியம், அவனை மறுக்கத்தான் கொண்டுவருகிறது. ஆனாலும் அவன் பேச வேண்டியதை முழுதாகப் பேசவிட்டுத்தான் மறுக்கிறது.

மணிமேகலை கடைசியாக அவனை ஒரு கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய்? இதைச் சொன்னதும் வகுப்பில் கைதட்டல். கேள்வி கேட்ட மாணவி மட்டும் கையைத் தூக்கினாள். "இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லலாம்ல ஐயா? அவரைப் பேசவே விடலையே?" முப்பத்திரண்டு வருடம் அந்தக் காதையை நடத்தினேன். அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் என் கருத்து இது. பழைய தமிழில் சமயம் என்றால் உலகத்தை இப்படிப் பார்க்கிறேன் என்று ஒருவர் எடுத்துவைக்கும் நிலை. அந்தப் பொருளில் நாத்திகமும் சமயம்தான், அதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. இன்று மதம் என்று நாம் சொல்வது பிறப்பிலேயே ஒட்டிக்கொள்வது, தாசில்தார் முத்திரை வைப்பது, இறங்க விடாதது. அந்தப் பொருளில் அது மதம் இல்லை. ஈரோட்டு மகளே, உன் அண்ணன் எந்தச் சொல்லை மனதில் வைத்துக் கேட்டார் என்று முதலில் அவரிடமே கேட்டுப் பார்.

தர்மபுரி:

சின்ன வயதில் திராவிடர் கழகத்துக்காரர்கள் குழி வெட்டித் தீ மிதித்ததைப் பார்த்திருக்கிறேன். 'கடவுள் இல்லை' என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள், ஒருவர் காலும் வேகவில்லை. கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவதும் கண நேரம்தான் என்று மைக்கில் விளக்கினார்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து மாரியம்மனுக்கு மிதிக்கும் என் மாமா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது "அவனுங்களுக்கும் ஒரு தைரியம் வேணும்ல, அது எங்கிருந்து வருது?" என்றார். மாமா அடுத்த வருடமும் அம்மனுக்கு மிதித்தார்.

யாழ்ப்பாணம் – லண்டன்:

நான் இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். ஆக்களை வார்டில சேர்க்கேக்க சமயம் என்ன எண்டு கேக்க வேணும். 2021 கணக்கெடுப்பில இங்கிலாந்து, வேல்ஸ் சனத்தில 37.2 வீதம் ஆக்கள் சமயம் இல்லை எண்டு எழுதினவை. ஆனபடியா 'ஒண்டுமில்லை' எண்டு ஆரும் சொன்னால் இங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. 2010 சமத்துவச் சட்டம் 'மதம் அல்லது நம்பிக்கை' எண்டு சொல்லுது, அதுக்குள்ள நம்பிக்கை இல்லாததையும் சேர்த்துப் பாதுகாக்குது. மதமோ எண்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஆளைக் காப்பாத்துற வழி அது. எனக்கு அது பிடிச்சிருக்கு.

ஆனா எங்கட ஆக்களுக்குள்ள கதை வேற. அப்பா இறந்தபோது அண்ணா தேவாரம் பாடமாட்டன், அந்தியேட்டிச் சடங்கும் செய்யமாட்டன் எண்டு நிண்டவன். செத்தவீட்டில ஒரு மாமி, "உன்ர சமயம் உனக்குப் பெரிசெண்டால் அவற்ற சமயம் அவருக்குப் பெரிசில்லையோ?" எண்டு கேட்டவ. அண்ணா கனநேரம் வெளியில குளிருக்க நிண்டுட்டு வந்து, கிரியையள் எல்லாம் செய்தவன். "நம்பிச் செய்யேல்லை, அப்பாக்காகச் செய்தனான்" எண்டு பிறகு என்னட்ட மட்டும் சொன்னவன்.

ஈரோட்டு மகள்:

லண்டன் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, முதல் பதிவில் விட்டுவிட்டதைச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழாசிரியர் ஐயா சொன்னபடி அண்ணனிடம் கேட்டேன். "மதம்னா எனக்கு, ஆளு செத்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க கூட்டங் கண்ணு. உங்க ஆளுங்களுக்கும் தெரிஞ்சிருந்துது, அதத்தான் சொன்னேன்" என்றார். அவர் பாராட்டியிருக்கிறார். எனக்குத்தான் புரியவில்லை. ஆனாலும் அண்ணா, மதம் என்ற சொல்லை அப்பாவுக்கு நான் தரமாட்டேன். ஐயாவின் பழைய தமிழ்ப் பொருளில்கூட. தோழர்கள் கூடினார்கள், கொடி போர்த்தினார்கள், ஆனால் யாரும் அப்பா எங்கோ போயிருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இனி இல்லை என்றார்கள். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கடினமாக இருந்தது, ஆனால் பொய்யாக இல்லை.

அம்மா கும்பிடுகிறவர். நாற்பது வருடம் ஒரே வீட்டில் அப்பாவின் அலமாரி ஒரு சுவரிலும் அம்மாவின் முருகன் எதிர்ச் சுவரிலும் இருந்தார்கள். கல்லூரி வண்டி வந்து அப்பாவைத் தூக்கப்போகும்போது அம்மா உள்ளே போய் விபூதியை உள்ளங்கையில் எடுத்து வந்தார்கள். தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்த தோழர் "அம்மா விருப்பம், வழி விடுங்க" என்று நகர்ந்தார். எல்லாரும் நகர்ந்தார்கள்.

அம்மா அப்பாவின் நெற்றிப் பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு "வேண்டாம், அவருக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டு, அந்த விபூதியைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார்கள்.