எல்க் வேட்டையோடு கரடி அனுமதியும் எடுக்கலாமா?

கேள்வி:
இப்போது கோண்டாவிலில் அம்மாவோடு நிற்கிறேன். செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா திரும்பியதும் மச்சானும் நானும் எல்க் மான் வேட்டைக்குப் போகிறோம். கருங்கரடிக்கும் அனுமதி வாங்கச் சொல்கிறார். எல்க் கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு வரத் தேவையில்லையாம். எனக்கு இறைச்சிதான் முக்கியம், சுட்டதை வீணாக்க மனம் வராது. வாங்கவா?

பதில் 1:
வாங்குங்கள் தம்பி. அனுமதி இல்லாமல் கரடி எதிரே வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் கருங்கரடிக்கு மட்டும். கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி வேட்டையை அங்கே 2017 இல் தடை செய்துவிட்டார்கள். குட்டியோடு நிற்கும் கரடியையும் சுடக் கூடாது.

பதில் 2:
அண்ணை, முந்தி வன்னியில் மரை இறைச்சியை வற்றல் போட்டதுபோல கரடியைப் போட்டுவிடாதீர்கள். அதில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கக்கூடும். உப்பும் புகையும் அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது, குளிர்நாட்டு வகை உறைபெட்டியிலும் பிழைக்கும். துண்டின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸுக்கு வேக வேண்டும். பிரட்டலாக நன்றாக அவித்து எடுத்தால் பயமில்லை. அப்புறம், செப்டம்பர் வெயிலில் தோலை உடனே உரித்து இறைச்சியை ஆறவிடுங்கள். கரடிக் கொழுப்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கேட்டவர்:
சரி, வாங்குகிறேன். எல்க் முதலில் விழுந்தால் கரடியைத் தொட மாட்டோம். 200 கிலோவைத் தாண்டும் மிருகத்தை இரண்டு பேர் சுமப்பதே பெரும்பாடு.